வெள்ள ஜன்னல் முதல் இளவரசியின் கை வரை: செய்திப் படத்தை எவ்வளவு எடிட் செய்யலாம்?

2015 டிசம்பர் 3. சென்னையில் பல இடங்களில் மக்கள் மொட்டை மாடியில் நின்றபடி படகுக்காகக் காத்திருந்த நேரம். பிரதமர் நரேந்திர மோடி அன்றைக்கு வெள்ளப் பகுதிகளை வானில் இருந்து பார்வையிட்டார். அந்தப் படங்களை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபி தன் ட்விட்டர் பக்கத்தில் போட்டது.

அதில் ஒரு படம். பிரதமர் வட்ட ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சூழ்ந்த கட்டடங்கள் பளிச்சென்று தெரிகின்றன. பார்த்தவுடனே யாருக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும்: அவ்வளவு உயரத்தில் இருந்து, அந்தக் கண்ணாடி வழியாக, இவ்வளவு தெளிவாகவா தெரியும்?

தெரியவில்லைதான். அதே படத்தின் இன்னொரு வடிவமும் வெளியாகி இருந்தது. அதில் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மங்கல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெட்டிசன்கள் பதிவிட, பிஐபி அந்தப் படத்தை நீக்கியது. இரண்டு படங்களைச் சேர்த்ததாகவும், அது தவறான முடிவு என்றும் சொல்லி வருத்தம் தெரிவித்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. பிரதமர் வந்தது உண்மை. ஜன்னல் வழியாகப் பார்த்தது உண்மை. சென்னை மூழ்கிக் கிடந்ததும் உண்மை. யாரும் இல்லாத வெள்ளத்தை உருவாக்கவில்லை. உண்மையான இரண்டு காட்சிகளை ஒட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒட்டு வேலைக்குப் பிறகு சமூக வலைதளங்களில் பேச்சு வெள்ளத்தைப் பற்றி இல்லை, போட்டோஷாப்பைப் பற்றி. அந்த ஜன்னலுக்குள் ஆளாளுக்கு ஒரு படத்தை ஒட்டி மீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் தத்தளித்துக்கொண்டிருந்த வாரத்தில்!

செய்திப் படங்கள் குறித்த உலகளாவிய சர்ச்சைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் இதே கதைதான். நடந்தது உண்மையாக இருக்கும். அதை இன்னும் கொஞ்சம் 'நல்லா' காட்டலாமே என்று யாரோ நினைத்திருப்பார்கள்.

அப்போ எடிட்டிங்கே கூடாதா?

அப்படி இல்லை. நீங்கள் பேப்பரில், டிவியில், மொபைலில் பார்க்கும் எந்தச் செய்திப் படமும் கேமராவில் இருந்து அப்படியே வருவதில்லை. ஓரத்தை வெட்டுவார்கள். இருட்டாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுவார்கள். இது கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆரம்பித்த பழக்கமும் இல்லை. இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்திலேயே, ஒரு பகுதிக்கு ஒளியைக் குறைத்தும் இன்னொரு பகுதிக்குக் கூட்டியும் காட்டுவது போட்டோகிராபர்களுக்குக் கைவந்த கலை.

பெரிய செய்தி நிறுவனங்கள் இதற்கு விதிமுறை வைத்திருக்கின்றன. அதில் கறாரானது அமெரிக்காவின் ஏபி செய்தி நிறுவனத்தின் விதி. க்ராப் செய்யலாம், வெளிச்சத்தையும் நிறத்தையும் ஓரளவு சரிசெய்யலாம், கேமரா சென்சாரில் படிந்த தூசிப் புள்ளியை நீக்கலாம். ஆனால் படத்துக்குள் எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. பின்னணியை மங்கலாக்கக் கூடாது. ஃபிளாஷ் பட்டுக் கண்ணில் விழும் சிவப்புப் புள்ளி இருக்கிறதே, அதைக்கூட நீக்கக் கூடாது. 2023 ஆகஸ்ட்டில் ஏஐ பற்றியும் இதே கோட்டைப் போட்டது ஏபி: ஜெனரேட்டிவ் ஏஐ வைத்துப் படத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கண்ணில் இருக்கும் சிவப்புப் புள்ளியில் என்ன பெரிய பத்திரிகை தர்மம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 'சின்ன விஷயம்தானே' என்று ஒன்றை அனுமதித்தால், எது சின்னது, எது பெரியது என்பதை ஒவ்வொரு படத்திலும் ஒருவர் முடிவு செய்ய வேண்டி வரும். அந்த முடிவை அவசரத்தில், டெட்லைனில், தனியாக எடுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

ஒரு வீடியோ கேமராவுக்காகப் போன வேலை

2013 செப்டம்பர், சிரியா உள்நாட்டுப் போர். மெக்சிகோவைச் சேர்ந்த நார்சிசோ கான்ட்ரெராஸ் ஏபி-க்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சாதாரண ஆள் இல்லை. அதே ஆண்டு சிரியா படங்களுக்காகப் புலிட்சர் விருது வாங்கிய ஏபி குழுவில் ஒருவர். துப்பாக்கியோடு நிலையெடுக்கும் ஒரு கிளர்ச்சிப் படை வீரரை அவர் எடுத்த படத்தில், கீழே ஒரு மூலையில் சக பத்திரிகையாளர் ஒருவரின் வீடியோ கேமரா விழுந்திருந்தது. அது கவனத்தைச் சிதறடிக்கும் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த மண்ணையும் கல்லையும் 'க்ளோன்' செய்து கேமராவை மறைத்துவிட்டார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. பின்னர் அவரே ஆசிரியர்களிடம் சொன்னார். ஏபி அவர் எடுத்த சுமார் 500 படங்களை ஆராய்ந்தது. வேறு எதிலும் கைவைத்திருக்கவில்லை. இருந்தும் 2014 ஜனவரியில் அவருடனான உறவை முறித்துக்கொண்டது.

இது அதிகம் என்றுதான் முதலில் தோன்றும். குண்டு விழும் ஊரில் உயிரைப் பணயம் வைத்தவர், தானாக வந்து ஒப்புக்கொண்டவர். அவருக்கு இரக்கம் காட்டியிருக்கலாம் என்று நினைப்பவர்களின் வாதத்தை முழுதாக ஒதுக்க முடியாது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த வீடியோ கேமரா அங்கே இருந்தது என்பதே ஒரு தகவல். அந்த வீரரைச் சுற்றி எத்தனை பத்திரிகையாளர்கள் இருந்தார்கள், அவர் கேமராவுக்காக நின்றாரா, நிஜமாகவே போரிட்டுக்கொண்டிருந்தாரா என்று பார்வையாளர் யோசிக்க உதவும் தகவல். 'அழகைக் கெடுக்கிறது' என்று எடுத்ததுதான் அந்தப் படத்தைப் பற்றிய ஒரு உண்மை.

இதற்கு பத்து ஆண்டுகள் முன்பு, 2003 ஈராக் போரில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் போட்டோகிராபர் பிரையன் வால்ஸ்கி பாஸ்ரா அருகே எடுத்த படம் மார்ச் 31 அன்று முதல் பக்கத்தில் வந்தது. ஒரு பிரிட்டிஷ் ராணுவ வீரர் கையை நீட்டி மக்களைக் கீழே இருக்கச் சொல்கிறார். அந்தக் கை நீளும் திசையில் குழந்தையை ஏந்தியபடி ஒரு அப்பா. ஒரு போரையே ஒரு ஃப்ரேமில் சொல்லும் படம். அதே படத்தைப் போட்டிருந்த ஹார்ட்ஃபோர்டு கூரண்ட் என்ற இன்னொரு நாளிதழில் ஒருவர் உற்றுப் பார்த்தபோதுதான், பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரே ஆட்கள் இரண்டு முறை இருப்பது தெரிந்தது.

சில நொடிகள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் வீரரின் கை நன்றாக இருந்தது, இன்னொன்றில் அப்பாவும் குழந்தையும். இரண்டின் 'பெஸ்ட்'டையும் சேர்த்துவிட்டார். வேலை உடனே போனது.

இரண்டு ஃப்ரேமும் உண்மை. ஆனால் அந்த வீரர் அந்தக் கையை நீட்டிய நொடியில் அந்த அப்பா அந்த இடத்தில் அப்படி நிற்கவில்லை. படம் பார்த்தவர்கள் நம்பியதோ அந்த 'ஒரே நொடி'யைத்தான்.

விலை கொடுப்பது யார்?

வேலை போன போட்டோகிராபர்கள் மட்டுமில்லை. அதிக விலை கொடுப்பது படத்தில் இருப்பவர்கள்.

2006 ஆகஸ்ட், லெபனான். பெய்ரூட்டின் தெற்குப் பகுதி மீது இஸ்ரேல் குண்டு வீசிக்கொண்டிருந்தது. ராய்ட்டர்ஸுக்குப் படம் அனுப்பிவந்த அட்னான் ஹஜ் என்ற போட்டோகிராபர், புகை மண்டலத்தைக் க்ளோன் செய்து இன்னும் அடர்த்தியாக்கி அனுப்பினார். புகைச் சுருள்கள் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக இருந்ததால் இணையத்தில் எளிதாகப் பிடித்துவிட்டார்கள். இஸ்ரேலிய போர் விமானம் ஒன்றின் படத்தையும் அவர் மாற்றியிருந்தது தெரியவந்தது. ராய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களைத் தன் விற்பனைத் தொகுப்பில் இருந்து எடுத்தது.

அந்த 920-ல் பெரும்பாலானவை எந்தத் திருத்தமும் இல்லாத, நேர்மையான பதிவுகளாகவே இருந்திருக்கலாம். அவையும் சேர்ந்தே போயின. குண்டு விழுந்தது உண்மை, வீடுகள் இடிந்தது உண்மை. ஆனால் அதன்பின் லெபனானில் இருந்து வந்த படம் எதைக் காட்டினாலும் 'இதுவும் போட்டோஷாப்தானே' என்று கேட்பவர்களுக்குக் கையில் ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது. கூடுதலாகச் சேர்த்த கொஞ்சம் புகை, நிஜமான புகையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது.

இது தமிழர்களுக்குத் தூரத்து விஷயம் இல்லை. 2009 ஆகஸ்ட்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. கண்களும் கைகளும் கட்டப்பட்டவர்கள் சீருடை அணிந்தவர்களால் சுட்டுக் கொல்லப்படும் காட்சி. இலங்கை இறுதிப் போரின்போது எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. இலங்கை அரசின் முதல் பதில், அது போலி என்பதுதான். தன் தரப்பு நிபுணர்களை வைத்தும் அதையே சொன்னது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், வீடியோ ஆய்வு, துப்பாக்கி ஆய்வு என மூன்று துறை நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். காட்சி உண்மையானதாகவே தெரிகிறது என்ற முடிவை 2010 ஜனவரியில் வெளியிட்டார். இலங்கை அரசு அதையும் ஏற்கவில்லை.

ஒரு காட்சி உண்மைதானா என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் ஆகும்போது, அதில் இருப்பவர்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்வி அத்தனை மாதமும் வரிசையில் காத்திருக்கும். உலகில் எங்கோ ஒரு போட்டோகிராபர் புகையைக் கூட்டும்போது, இப்படி 'போலி' என்று தள்ளிவிட நினைப்பவர்களின் வேலையைத்தான் சுலபமாக்குகிறார்.

தடை இல்லாத எடிட்டிங்கும் ஏமாற்றும்

இதுவரை பார்த்தது சேர்ப்பதும் நீக்குவதும். அனுமதி உள்ள விஷயங்களிலேயே சிக்கல் உண்டு.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். 1994-ல் அமெரிக்காவின் முன்னாள் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே.சிம்சன் கொலை வழக்கில் கைதானபோது, போலீஸ் எடுத்த ஒரே படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டு பத்திரிகைகளும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் அவர் முகம் படத்தில் இருந்தபடியே இருந்தது. டைம் அட்டையில் கருமையாக்கி, நிழல் ஏற்றப்பட்டு, மிரட்டும் தோற்றத்தில் இருந்தது. கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கியதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கறுப்பினத்தவர் ஒருவரின் தோலைக் கருமையாக்கினால்தான் குற்றவாளி போலத் தெரிவாரா என்ற கேள்வி எழுந்தது. எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை. பெரும்பாலும் டோனிங்தான்.

2013-ல் உலகப் புகழ்பெற்ற வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது, ஸ்வீடனின் பால் ஹான்சன் எடுத்த படத்துக்குக் கிடைத்தது. காசாவில் விமானத் தாக்குதலில் இறந்த இரண்டு குழந்தைகளின் உடல்களை ஒரு குறுகிய தெருவில் ஏந்தி வருகிறார்கள். ஒளி சினிமா காட்சி மாதிரி இருந்ததால், பல படங்களை ஒட்டியது என்று குற்றச்சாட்டு கிளம்பியது. தனி நிபுணர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒட்டு வேலை இல்லை, ஒரே படம்தான். நிறமும் ஒளியும் மட்டும் சரிசெய்யப்பட்டிருக்கின்றன என்று முடிவானது. விருது நிலைத்தது. ஆனால் பல வாரங்களுக்கு உலகம் அந்தத் தெருச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பற்றிப் பேசியது. துணியில் சுற்றப்பட்ட இரண்டு குழந்தைகளைப் பற்றி அல்ல.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015-ல், அதே போட்டியின் இறுதிச் சுற்றுக்கு முந்தைய கட்டத்துக்கு வந்த படங்களில் 20 சதவீதம் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. அசல் ஃபைலையும் போட்டிக்கு வந்த படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் சிக்கியவை.

க்ராப்? எல்லா விதிமுறையும் அனுமதிக்கும் வேலை அது. 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் கிரெட்டா துன்பர்க் உள்ளிட்ட 5 இளம் பருவநிலைச் செயற்பாட்டாளர்கள் ஒன்றாக நின்றார்கள். இடது ஓரத்தில் நின்றவர் உகாண்டாவின் வனெசா நகாட்டே. செய்தியில் வந்த படத்தில் நான்கு பேர்தான். நால்வரும் வெள்ளையர்கள். அவர்களில் ஒரே ஆப்பிரிக்கர் வெட்டப்பட்டிருந்தார். பின்னால் இருந்த கட்டடம் உறுத்தலாக இருந்ததால் வெட்டினோம் என்று விளக்கம் வந்தது. வெளியிட்டது யார் தெரியுமா? சிவப்புக் கண்ணைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லும் அதே ஏபி. பிறகு மன்னிப்பு கேட்டது.

எந்த டூலைத் தொட்டார்கள் என்பதை மட்டும் பார்த்து நியாயம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். விதிப்படி அந்த க்ராப்பில் தப்பே இல்லை. படத்தைப் பார்த்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்த செய்திதான் தப்பு.

முகத்தை மறைப்பது எந்தக் கணக்கு?

நம்ம ஊர் சேனல்களில் தினமும் நடக்கும் எடிட்டிங் இதுதான். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி குற்றம். குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. அதனால் முகத்தை 'ப்ளர்' செய்கிறோம். இதில் ஏமாற்று இல்லை. மறைக்கப்பட்டிருக்கிறது என்பது பார்ப்பவருக்கே தெரிகிறது. ஜன்னல் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஏபி இதையும் அனுமதிப்பதில்லை. மறைக்க வேண்டும் என்றால் எடுக்கும்போதே முகம் தெரியாமல் எடுங்கள் என்கிறது. யோசித்தால் அதுதான் பாதுகாப்பும்கூட. முகத்தை மட்டும் ப்ளர் செய்துவிட்டு வீட்டு வாசலையும், பள்ளிச் சீருடையையும், பக்கத்துக் கடையின் பெயர்ப் பலகையையும் காட்டினால் அந்த ப்ளரால் யாருக்கு என்ன பயன்?

அரசே, அரண்மனையே கொடுக்கும் படம் என்றால்?

பிஐபி ஜன்னல் படத்தை எடுத்தது பத்திரிகை போட்டோகிராபர் இல்லை. அரசே கொடுத்த படம். இப்படித் தரப்பட்ட படங்களில்தான் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன.

2008 ஜூலையில் ஈரான் ஏவுகணைச் சோதனை நடத்தியது. புரட்சிகரக் காவல் படையின் செய்திப் பிரிவு வெளியிட்ட படத்தில் நான்கு ஏவுகணைகள் ஒன்றாகச் சீறிக் கிளம்பின. ஏஎஃப்பி அதை உலகம் முழுக்க அனுப்ப, பல பெரிய நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போட்டன. மறுநாள் அதே காட்சியின் இன்னொரு படம் வந்தது. பறந்தது மூன்றுதான், ஒன்று தரையிலேயே நின்றுகொண்டிருந்தது. பழுதான ஏவுகணையைப் போட்டோஷாப்பில் பறக்கவிட்டிருந்தார்கள்.

2024 மார்ச் 10-ல் நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல வாரங்களாக வெளியே வராத வேல்ஸ் இளவரசி கேட், மூன்று குழந்தைகளோடு சிரிக்கும் படத்தை பிரிட்டனின் அன்னையர் தினத்தில் அரண்மனை வெளியிட்டது. மகள் சார்லட்டின் ஸ்வெட்டர் கைப்பகுதி ஒட்டாமல் வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது. சில மணி நேரத்தில் ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, கெட்டி எல்லாமே 'கில் நோட்டீஸ்' விட்டன. இந்தப் படத்தை உடனே எடுங்கள், இனி பயன்படுத்தாதீர்கள் என்ற உத்தரவு அது. அரிதாக விடப்படுவது. மறுநாள் கேட் தானே எடிட் செய்து பார்த்ததாகச் சொல்லி மன்னிப்பு கேட்டார்.

குடும்பப் படத்தைக் கொஞ்சம் சரிசெய்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கல்யாண ஆல்பத்தில் நாம் செய்யாததா? ஆனால் இந்தப் படம் வெளியானது 'அவர் நலமாக இருக்கிறார்' என்ற செய்திக்குச் சான்றாக. சான்றில் கைவைத்தார்கள். வதந்தியை அடக்க வந்த படமே வதந்திக்குத் தீனி ஆனது. 12 நாள் கழித்து, தனக்குப் புற்றுநோய் சிகிச்சை நடப்பதை அவரே வீடியோவில் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டிலும் அரசு விழா, கட்சி நிகழ்ச்சி, ஆய்வுக் கூட்டம் என்றால் படம் பெரும்பாலும் அவர்கள் பக்கத்தில் இருந்தே வாட்ஸ்அப்பில் வருகிறது. கூட்டம் எவ்வளவு இருந்தது, யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதற்கெல்லாம் அந்தப் படமே ஆதாரம். செய்தி அறைகள் 'யார் எடுத்தது' என்பதைப் படத்தின் கீழே போட்டாலே பாதி வேலை முடியும். பல தளங்கள் போடுவதில்லை. 'கோப்புப் படம்' என்ற சின்ன எழுத்தைச் சிலர் மறக்காமல் போடுகிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் யூடியூப் தம்ப்நெயிலில் இரண்டு தலைவர்களை எதிரெதிரே முறைக்கவைத்து ஒட்டும்போது அந்தச் சின்ன எழுத்தும் காணாமல் போகிறது. அதை எந்த விதிமுறையில் சேர்ப்பது என்று நம் துறையில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

இப்போது எல்லார் கையிலும்

2023 மே 28. டெல்லியில் புதிய நாடாளுமன்றத் திறப்பு நாளில், போராடிய மல்யுத்த வீராங்கனைகள் கைது செய்யப்பட்டனர். போலீஸ் வண்டிக்குள் எடுத்த செல்ஃபியில் வினேஷ் போகத், சங்கீதா போகத் இருவரும் இறுகிய முகத்தோடு இருந்தனர். சற்று நேரத்தில் அதே படம் இருவரும் பல் தெரியச் சிரிப்பது போலப் பரவியது. முகத்தை மாற்றும் ஒரு மொபைல் ஆப் போதுமானதாக இருந்தது. இரண்டு சிரிப்பை ஒட்டியதில், கைது செய்யப்பட்டவர்கள் 'நாடகக்காரர்கள்' ஆகிவிட்டார்கள். உண்மைச் சரிபார்ப்புத் தளங்கள் அசல் படத்தைக் காட்டி மறுத்தன. ஆனால் மறுப்பு எப்போதும் படத்துக்குப் பின்னால்தான் ஓடும்.

1982-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் தன் அட்டைக்குள் அடங்குவதற்காக எகிப்தின் இரண்டு பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தியபோது, போட்டோஷாப் விற்பனைக்கு வரவே இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன. அதற்கு லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் தேவைப்பட்டது. இன்று பின்னால் நிற்பவரை விரலால் தேய்த்து அழிக்கும் வசதியும், குரூப் போட்டோவில் ஒருவரின் முகபாவத்தை வேறு படத்தில் இருந்து எடுத்து மாற்றும் வசதியும் போனிலேயே வருகின்றன. போன் கேமரா நாம் ஒன்றுமே செய்யாமல் பல ஃப்ரேம்களைச் சேர்த்துத்தான் ஒரு படத்தைத் தருகிறது. 'எடிட் செய்யாத படம்' என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றாகக் கேமரா நிறுவனங்களும் அடோப் போன்ற சாஃப்ட்வேர் நிறுவனங்களும் செய்தி நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவந்திருப்பது சி2பிஏ என்ற முறை. படம் எடுக்கும் நொடியிலேயே கேமரா அதில் ஒரு டிஜிட்டல் கையெழுத்துப் போடும். பிறகு யார் என்ன மாற்றினாலும் அதுவும் பதிவாகும். 2023 அக்டோபரில் லைக்கா இந்த வசதியோடு முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நல்ல யோசனைதான், ஆனால் முழுத் தீர்வு இல்லை. 2025-ல் நிகான் கேமரா ஒன்றில், இரண்டு படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, போலிப் படத்துக்கும் அசல் கையெழுத்து வாங்க முடியும் என்று ஒருவர் காட்டினார். நிகான் அந்தச் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதோடு நம்மிடம் படம் வரும் வழி வாட்ஸ்அப். அதில் போட்டோவாக அனுப்பினாலே எப்போது, எந்த கேமராவில் எடுத்தது என்ற விவரமெல்லாம் உதிர்ந்துவிடும்.

சந்தேகம் வந்தால் நீங்கள் என்ன செய்யலாம்? படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படமா, வேறு வடிவம் இருக்கிறதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு புயலுக்கும் சுற்றிவரும் 'இப்போதைய சென்னை' படங்களில் பல, எந்த எடிட்டிங்கும் இல்லாத பழைய படங்கள்தான். இன்னொன்று, ஒரு படம் உங்கள் கோபத்தை உடனே கிளப்பினால், அனுப்பும் முன் யார் எடுத்தது என்று ஒரு முறை கேளுங்கள்.

உங்கள் தெருவில் வெள்ளமோ விபத்தோ நடந்து நீங்களே எடுத்த படத்தைச் சேனலுக்கு அனுப்புவதாக இருந்தால், ஃபில்டர் போடாதீர்கள், வெட்டாதீர்கள், மேலே எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அசல் ஃபைலைப் போனில் இருந்து அழிக்க வேண்டாம். முன்னும் பின்னும் எடுத்த படங்கள் மங்கலாக இருந்தாலும் வைத்திருங்கள். அந்தப் படம் பொய் என்று யாராவது சொன்னால், முதலில் கேட்கப்படுவது அவைதான்.